எழுத்தில்லாத ஊர்வலம்

என் மின்னஞ்சல் பெட்டியில் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கும் கடிதங்கள் பத்துப் பன்னிரண்டு தேறும். வீட்டுக் கடன் சம்பந்தமாக இரண்டு, மகளின் தடுப்பூசிக் கணக்கு, அப்பா கடைசியாக எழுதியது. அவற்றின் நடுவே, ஓர் ஊர்வலத்தில் நடப்பதற்கான நான்கு விதிகள் மட்டும் உள்ள ஒரு கடிதமும் இருக்கிறது. 2019 வசந்தத்தில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கலை அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. எழுதிய சொற்கள் கூடாது. நிறுவனச் சின்னங்கள் கூடாது. மோட்டார் வண்டி கூடாது, சக்கர நாற்காலிக்கு மட்டும் விலக்கு. உயிருள்ள விலங்குகள் கூடாது. பின்னால் உள்ள மூன்றையும் படித்த மாத்திரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். முதல் விதியோடு அன்று தொடங்கிய வழக்கு இன்றுவரை தீரவில்லை.

கிளீவ்லேண்ட் என்றால் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனைதான். 1978 முதல் ஈஸ்டர் சமயத்தில் நடக்கிறது, அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இதே ஊரில் ஜூன் மாதம் நடக்கும் இன்னொரு விழா இங்கே வந்து எட்டு வருடம் வரை எனக்குத் தெரியாமலே இருந்தது. ‘பரேட் த சர்க்கிள்’ என்று பெயர். 1990இல் கலை அருங்காட்சியகம் தொடங்கிய ஊர்வலம். யுனிவர்சிட்டி சர்க்கிள் என்ற பகுதியில், வேட் ஓவல் என்ற பெரிய புல்வெளியைச் சுற்றி, நண்பகல் வெயிலில் போகும். ஊர்வலம் என்றதும் அலங்கார வண்டியும் அதன்மேல் கை அசைக்கும் பிரமுகரும் நினைவுக்கு வந்தால், இது அப்படி இல்லை. பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், ஓவியர்கள், சிற்பிகள் எல்லாரும் பல வாரங்களுக்கு முன்பே அருங்காட்சியகத்தின் பட்டறைக்கு வந்து, காகிதக் கூழிலும் பிரம்பிலும் துணியிலும் தாங்களே பொம்மைகளும் முகமூடிகளும் செய்வார்கள். செய்ததைத் தூக்கிக்கொண்டு தாங்களே நடப்பார்கள். இரண்டு ஆள் உயரக் கட்டைக்கால்களில் ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், தள்ளுவண்டியில் குழந்தையை மீனாக்கிக் கொண்டுவரும் அம்மா ஒரு பக்கம். பார்க்கக் கட்டணம் கிடையாது.

அருங்காட்சியகத்துக்குள் நுழையவும் கட்டணம் கிடையாது. 1916இல் திறந்தபோதே ‘எல்லா மக்களின் நன்மைக்காகவும், என்றென்றைக்கும்’ என்று சொல்லித்தான் திறந்தார்கள். சொல்வது எளிது. வெள்ளைப் பளிங்கில் கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு கட்டடத்தை எழுப்பிவிட்டு, கதவைத் திறந்து வைத்தால் மட்டும் எல்லாரும் வந்துவிடுவார்களா? சிறிது தூரத்தில் ஹஃப் என்ற பகுதி. 1966இல் கறுப்பின மக்களின் கொதிப்பு வெடித்துப் பல நாள் எரிந்த இடம். 1970 மார்ச்சில் அருங்காட்சியகத்தின் தெற்குப் படியில் இருக்கும் பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் ‘சிந்தனையாளர்’ வெண்கலச் சிலைக்கு யாரோ வெடிகுண்டு வைத்தார்கள். பாதம் சிதைந்துபோன அந்தச் சிலையைச் சரிசெய்யாமல் அப்படியே படிமேல் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் முதல் தடவை பார்த்தபோது அங்கே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்கவில்லை. பிளந்து விரிந்த உலோகத்தைப் பார்த்தவுடனே வயிற்றில் ஏதோ செய்தது. படியேற யோசிக்கிற ஜனங்களிடம் அருங்காட்சியகம் தானே இறங்கிப்போக வேண்டியிருந்த ஊர் இது என்றுதான் எனக்குப் படுகிறது. செப்டம்பரில் நடைபாதைக் கற்களில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து வண்ணச் சுண்ணக்கட்டியில் படம் வரையும் விழாவும், குளிர்காலத்தில் காகித விளக்குகளும் அப்படி வந்தவைதாம். ஆனாலும் ஜூன் ஊர்வலம்தான் பெரிது.

பன்னிரண்டு உயிரும் ஓர் ஆய்தமும்

நான் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம். ஊர்வலத்தில் நாமும் நடக்கலாமே என்று பெற்றோர் ஒருவர் சொன்னதும், எங்கள் குழுவில் யாருக்கும் வேறு யோசனையே தோன்றவில்லை. முன்னால் பள்ளியின் பெயர் எழுதிய பன்னிரண்டடி பேனர். பின்னால் ‘அ’ முதல் ‘ஔ’ வரை மார்பில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு குழந்தைகள், கடைசியில் ஒரு குட்டிப் பையன் ‘ஃ’. நானே குளிர்சாதனப் பெட்டி வந்த தடித்த அட்டைகளைச் சேகரித்து, பதின்மூன்று எழுத்துகளையும் சிவப்பில் எழுதினேன். நான்கு இரவு ஆனது. ‘இ’யின் வளைவு சரியாக வரவில்லையென்று இரண்டு முறை வெள்ளையடித்துத் திரும்ப எழுதினேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது.

பதிலுக்கு நான் எழுதியது நீளமான கடிதம். ‘அ’ சொல் இல்லை, எழுத்து. அதற்கு ஒரு பொருளும் கிடையாது, வெறும் வடிவம்தான் என்று ஆரம்பித்தேன். அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். ஆகவே அடுத்த பத்தியில் உண்மையைச் சொன்னேன். பட்டுப்பாவாடை கட்டி மல்லிகைப்பூ வைத்து நாங்கள் நடந்தால் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் இந்தியர்கள், அவ்வளவுதான். சேலை எல்லாருக்கும் இருக்கிறது, மேளமும் இருக்கிறது. எங்களை நாங்களென்று காட்டுவது இந்த எழுத்து ஒன்றே. மற்றவர்களிடம் எழுதிய பலகையை எடுத்துவிட்டால் ஒரு பலகைதான் போகும், எங்களிடம் எடுத்தால் ஆளே போய்விடும். இப்படியே ஒன்றரைப் பக்கம். இரண்டு நாளில் பதில் வந்தது. கவலை புரிகிறது, விதி எல்லாருக்கும் ஒன்றுதான், பட்டறைக்கு வாருங்கள், பேசலாம் என்று மூன்று வரி.

வாட்ஸ்அப்பில் அன்றிரவு முழுக்க இதே பேச்சு. “பேரே போடக்கூடாதுன்னா எதுக்குங்க போகணும்?” என்றார் ஒருவர். “ஃபோட்டோல கூட எந்த ஸ்கூல்னு தெரியாது” என்றார் இன்னொருவர். இருபத்திரண்டு குடும்பத்தில் பதின்மூன்று விலகிக்கொண்டன. அவர்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை, ஏனென்றால் அவர்கள் சொன்னது நான் எழுதியதைத்தான். நம் ஊரில் காதுகுத்துக்கும் பேனர், கருமாதிக்கும் பேனர் என்று எரிச்சல்படுகிறவள்தான் நானும். ஆனால் கடல் தாண்டி வந்தபின் அந்தத் துணிக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. என் மகள் வாரம் ஐந்து நாள் போகும் பள்ளிக்கூடத்தில், நூலகத்தில், பல் மருத்துவரின் வரவேற்பறையில் எங்கேயும் தன் எழுத்தைப் பார்க்க மாட்டாள். வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் மேடையில் ஒரு நாள் பூராவும் தொங்கும் பேனரில்தான் அவளுக்குத் தமிழ் ஆளுயரத்தில் தெரியும். அது எனக்கு அலங்காரத் தோரணம் இல்லை. கழற்று என்றால் கோபம் வரும்தான்.

ஒன்பது குடும்பங்களோடு போனோம். நான் போனது சமாதானமாகி அல்ல. என் மகள் அப்போது ஒன்பது வயது, கட்டைக்காலில் நடப்பவர்களைக் காணொளியில் பார்த்துவிட்டுப் போயே ஆகவேண்டும் என்று நின்றாள்.

பட்டறை

எங்களில் ஒரு வீட்டில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். ஒரத்தநாட்டுப் பக்கம், எழுபது வயதுக்கு மேல். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு அணிலை எண்ணிக்கொண்டிருப்பார். வீட்டில் தனியாக விடவேண்டாமே என்று பட்டறைக்கு அழைத்து வந்தார்கள். முதல் நாள் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுக்கூடத்தில் பெரிய பிள்ளைகள் காலில் கட்டை கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் பார்த்தார். எழுந்துபோய் ஒரு பையனின் முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி என்னிடம், “டீச்சரம்மா, இது நம்ம பொய்க்கால் கட்டை இல்ல?” என்றார்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஆட்டக்காரர் இல்லை. வாலிபத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு பொய்க்கால் குதிரைக் குழு இருந்திருக்கிறது. திருவிழாக் காலத்தில் குதிரைக் கூட்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அவர்களோடு ஊர் ஊராகப் போவாராம். கிழிந்தால் ஒட்டுவது, கட்டு தளர்ந்தால் இறுக்குவது, ராஜா ராணிக்குக் கட்டை கட்டிவிடுவது. ஐம்பது வருடமாகத் தொடவில்லை. “கை மறந்திருக்காது” என்று மட்டும் சொன்னார். மரக்கால் ஆடல் என்று பழந்தமிழில் ஒரு கூத்தே இருக்கிறது, அதைப் பாடத்தில் படித்தும் இருக்கிறேன். ஆனால் பட்டறைக்குக் கிளம்பும்போது என் புத்தியில் அதெல்லாம் வரவில்லை. பதின்மூன்று எழுத்து மட்டுமே இருந்தது.

பட்டறையைப் பார்த்துக்கொண்ட கலைஞர், ஐம்பது வயதுப் பெண்மணி, வேலைநேரத்தில் பேசுவது குறைவு. நான் விதியைப் பற்றிக் கேட்டபோது, கையில் பசையோடே பதில் சொன்னார். எழுத்து இருந்தால் ஜனங்கள் அதைப் படிப்பார்கள், படித்து முடித்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்றார். ஒருவர் பெயர் போட்டால் அடுத்தவர் கடைப்பெயர் போடுவார், பிறகு யார் பணம் அதிகம் கொடுத்தார்களோ அவர்கள் பெயர் பெரிதாக வரும் என்றார். இரண்டாவது காரணம் எனக்கு உடனே ஏறியது. நம் விழா அழைப்பிதழ்களில் புரவலர் பட்டியல் எத்தனை அங்குலம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் காரணத்தை ஏற்க முடியவில்லை. எங்கள் எழுத்து அவர்களால் படிக்க முடியாததுதானே, பிறகு அதைப் பார்க்கத்தானே வேண்டும் என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். “அது நியாயமான கேள்வி” என்றார். பதில் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அப்போதுதான்.

பெரியவர் மூங்கில் கேட்டார். பட்டறையில் இருந்தது பிரம்பு. வளைத்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். “மூங்கில் பத்தைன்னா சொன்ன பேச்சு கேக்கும். இது கொஞ்சம் முரண்டு பண்ணும். பரவால்ல, தண்ணில ஊறப்போடுவோம்.” மொழிபெயர்க்க நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ‘தேங்க் யூ’ தவிர எதுவும் தெரியாது. முதல் அரை மணி நேரம் நான் இருவருக்கும் தேவைப்பட்டேன். பிறகு அவர் பிரம்பை வளைத்துக் காட்டுவார், அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டு கம்பியை எடுத்துத் தருவார், இவர் கம்பி வேண்டாம் என்று கையசைத்து நூல் கேட்பார். கலைக்கு மொழி தேவையில்லை என்று இந்த இடத்தில் எழுதத் தோன்றும். நான் எழுத மாட்டேன். அப்படி நம்புகிறவள் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து பாடம் தயாரிக்க மாட்டாள். அன்று அங்கே நடந்ததும் அது இல்லை.

ஏனென்றால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாளிடம் கையால், பிள்ளைகளிடம் வாயால். “வரிச்ச இழுத்துப் பிடி பாப்பா. ம், அப்படியே வச்சிரு. தம்பி, கஞ்சி இன்னும் கெட்டியா வேணும், இது தண்ணியா இருக்கு. முடிச்சு போடறப்ப ரெண்டு சுத்து. தளர விடாத.” கூட்டுக்குக் குறுக்கே வைத்துக் கட்டுவது வரிச்சு. குதிரையின் கழுத்துக்கு மேலே நார் ஒட்டினால் பிடரி. வாயிலிருந்து வருவது கடிவாளம். முதுகில் போடுவது சேணம். ஓரத்தில் தொங்குவது குஞ்சம். காலுக்குச் சலங்கை. அவருக்கு இவை அருஞ்சொற்கள் இல்லை. வேறு பெயர் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கோ, சொன்னது புரியாவிட்டால் கையில் பிடித்திருப்பது ஒடிந்துவிடும்.

மூன்றாவது சனிக்கிழமை நான் தூரிகைகளைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தேன். உள்ளே சண்டைச் சத்தம். என் மகளும் இன்னொரு வீட்டுப் பையனும். எங்கள் பிள்ளைகள் சண்டை போட்டால் ஆங்கிலத்தில்தான் போடுவார்கள். இது வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும். சாப்பிட வா என்றால் தமிழில் “வரேன்” என்பார்கள், கோபம் வந்தால் மொழி மாறிவிடும். அன்று குழாய்ச் சத்தத்தைத் தாண்டி என் மகளின் குரல் கேட்டது: “நீ ஏன் கடிவாளத்த இழுத்த? பாரு, முடிச்சு அவுந்துடுச்சு! வரிச்சும் ஒடஞ்சுடுச்சு!” அவன் விடவில்லை. “நான் ஒண்ணும் இழுக்கல. நீதான் கஞ்சி சரியா போடல.”

குழாயை மூடவும் தோன்றாமல் நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து வருடம் நான் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். குதிரைப் படம் போட்ட அட்டையைக் காட்டி, கீழே ‘குதிரை’ என்று எழுதி, பத்து முறை சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பிழையில்லாமல் எழுதுவாள், போன வருடம் பரிசும் வாங்கினாள். கடிவாளம் என்ற சொல் எங்கள் பாடத்தில் கிடையாது, நானும் பேச்சில் சொன்னதாக நினைவில்லை. ‘ஒடஞ்சுடுச்சு’ என்பதை மட்டும் என்னிடமிருந்து கேட்டிருப்பாள், சமையலறையில் ஏதாவது கீழே விழும்போது. ஆனால் தன் கோபத்தைத் தமிழில் அவள் யார்மேலும் காட்டி நான் கேட்டதில்லை. அந்தச் சண்டையில் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அது உடைந்ததைச் சொல்ல அவளிடம் ஆங்கிலச் சொல் இல்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத்தை மார்பில் மாட்டி நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள் ஒத்திகை. “நேரா நட, அட்டைய மடக்காத” என்று நாங்கள் சொல்லியிருப்போம், அதையும் ஆங்கிலத்தில் சொல்லியிருப்போம். ஊர்வலம் முடிந்து புகைப்படம் எடுத்து, பீட்சா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு வந்திருப்போம். தமிழ் அட்டையில் இருந்திருக்கும். நான் அவ்வளவு வேகமாக எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்தில், பிள்ளைகள் தமிழில் என்ன பேசுவார்கள் என்று ஒரு வரி இல்லை. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் யாரென்று தெரிய வேண்டும் என்பதுதான் முழுக்க.

சேணத்துக்கு அடியில் விறைப்பாக ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் ஆடும்போது கூடு குழைந்துவிடும் என்றார் பெரியவர். பட்டறையில் இருந்த அட்டை மெல்லிசு. என் மகள்தான் சொன்னாள், “எங்க வீட்டுல பெரிய அட்டை இருக்கு தாத்தா.” எனக்கு மனசே இல்லை. எழுத்தை வெட்டுவதா? கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் அதிகம் படித்தவர் இல்லை. ‘இ’யின் முன் சற்று நேரம் நின்றார், நான் இரண்டு முறை எழுதியது அதுதான். “வெட்ட வேணாம் டீச்சரம்மா. மடக்கி உள்பக்கமா வச்சிருவோம். வெளில துணி ஒட்டிட்டாத் தெரியாது.” நான்கு குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று அட்டை. பன்னிரண்டு உயிரும் உள்ளே போய்விட்டன. ‘ஃ’ மட்டும் மிஞ்சியது.

நண்பகல்

பறை அடிக்க இரண்டு அப்பாக்கள் முன்வந்தார்கள். பெரியவருக்கு அதில் குறை. குதிரைக்கு நையாண்டி மேளம்தான், நாயனம் இல்லாமல் ராணி எப்படித் திரும்புவாள் என்று கேட்டார். கடைசியில் பறையிலேயே ஓர் அடியைத் தொடையில் தட்டிக் காட்டி, அதை இருவரும் பிடிக்கும்வரை விடவில்லை. கட்டைக்காலில் பழகிய பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் ராஜாவும் ராணியும். சின்னப் பிள்ளைகள் மாறி மாறிக் குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு தரையிலேயே ஆடினார்கள். எங்களுக்கு முன்னால் நீல இறகுப் பறவைகள், பின்னால் மீன்களாக வந்த ஒரு தேவாலயத்துச் சிறுவர்கள். தெருவோரம் மடக்கு நாற்காலியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நிறைய பேர் ஹஃப் பக்கத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்த கறுப்பினத்தவர்கள். எங்கும் ஒரு விளம்பரம் இல்லை, ஒரு பெயர்ப்பலகை இல்லை. கண் தேடிக்கொண்டே போகிறது. நாம் ஒரு தெருவில் எவ்வளவு படித்துக்கொண்டே நடக்கிறோம் என்பது எதுவும் எழுதியிராத தெருவில் நடந்தால்தான் தெரிகிறது.

ஓரிடத்தில் ஊர்வலம் தேங்கி நின்றது. ஒருவர் என்னிடம் “மெக்சிகோவா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “இந்தியா?” என்றார் பக்கத்திலிருந்தவர். அதற்குமேல் யாரும் போகவில்லை. நான் பயந்தது அப்படியே நடந்தது, அது வலித்தது, இன்றும் நினைத்தால் வலிக்கிறது. ‘தமிழ்’ என்று நான் சொன்னேன். மேளச் சத்தத்தில் காதில் விழுந்ததா தெரியாது.

அதே இடத்தில் நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி என் மகளைக் கைகாட்டி அழைத்தார். யார் நீங்கள் என்று அவர் கேட்கவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை எப்படிச் செய்தாய் என்றார். என் மகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள், பிரம்பை ஊறவைத்தது, வளைத்தது எல்லாம் சரளமாகச் சொன்னாள். அப்புறம், குறுக்கே இந்த... இந்த... என்று நின்றாள். ஆங்கிலச் சொல்லைத் தேடினாள். இல்லை. என்னைப் பார்த்தாள். எனக்கும் சட்டென்று வரவில்லை. “வரிச்சு” என்றாள் அந்தப் பாட்டியிடம். “இந்த வரிச்சை இழுத்துக் கட்டணும்” என்பதை ஆங்கிலத்தில் சொல்லி, அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே வைத்தாள். பாட்டி “வரிச்சு” என்றார், சின்னதாக, சரியாக. கூட்டம் நகர்ந்தது.

தமிழ் தெரியாமல் ஆங்கிலத்துக்குத் தாவும் தருணங்களை எண்ணி எண்ணியே நாங்கள் பிள்ளை வளர்க்கிறோம். திருப்பித் தாவியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வெயிலுக்குப் பிறகு எல்லாரும் அருங்காட்சியகத்துக்குள் போனோம். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய முற்றத்தில் பிள்ளைகள் தரையில் சாய்ந்துவிட்டார்கள். பெரியவரை நடராசரிடம் அழைத்துப் போனேன். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி, 1930இல் இங்கே வந்தது. அவர் கும்பிட்டார், பிறகு தூக்கிய காலை ரொம்ப நேரம் பார்த்தார். நான் வழக்கம்போலப் பலகையைப் படித்தேன். நாடும் வம்சமும் நூற்றாண்டும் சரியாக எழுதியிருந்தது. வார்த்தவர் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது, யாருக்கும் தெரியாது. உள்ளே எங்கள் நாட்டின் பெயர் எழுதியிருக்கிறது, செய்த கை யாருடையது என்று இல்லை. வெளியே சற்றுமுன் பெயர் எதுவும் இல்லாமல், செய்த கைகள் மட்டும் போயின. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எதைச் சொல்வேன் என்று அன்றும் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டும் வேண்டும் என்றுதான் மனசு கேட்கிறது. அந்தத் தெருவில் என்றாவது ஓர் ‘அ’ நடந்துபோவதைப் பார்க்க எனக்கு இன்னமும் ஆசை உண்டு. கலைஞர் அம்மாள் நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்ட கேள்விக்கு இதுவரை எனக்குப் பதில் வரவில்லை.

ஆனால் வகுப்பை மாற்றிவிட்டேன். முதல் ஒரு மணி நேரம் கையில் ஏதாவது செய்வோம். பனையோலை இங்கே கிடைக்காது, காகிதத்தில் விசிறி முடைவோம். சேமியா உப்புமா கிண்டுவோம். எழுதுவது இரண்டாவது மணி நேரம், எதைச் செய்தோமோ அதைத்தான். சில பெற்றோருக்குப் பிடிக்கவில்லை, பாடம் பின்தங்குகிறது என்கிறார்கள். பின்தங்குகிறதுதான். அவர்களோடும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் அந்த ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பினார். 2020இல் கொரோனாவால் ஊர்வலம் இல்லை. ஜூன் மாதம் அந்தச் சனிக்கிழமை வந்ததும் என் மகள், தாத்தாவைக் கூப்பிடலாம் என்றாள். எங்கள் பங்குக்கு வந்த குதிரை கார் நிறுத்துமிடத்தில் கொக்கியில் தொங்குகிறது, பக்கத்துச் சுவரில் ‘ஃ’. குளிர்காலத்து ஈரத்தில் விலாப்பக்கத்துத் துணி உரிந்து, உள்ளேயிருந்து சிவப்பாக ‘ஈ’யின் பாதி தெரிய ஆரம்பித்திருந்தது. காணொளியில் முதலில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. யாரோ அலைபேசியைச் சரியாகப் பிடித்தார்கள். “குதிர எப்படி இருக்கு பாப்பா?” என்றார். அவள் அலைபேசியைக் குதிரையின் பக்கம் திருப்பி, ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே சொன்னாள்: “பிடரி கொஞ்சம் கொட்டுது தாத்தா. துணி இங்க உரிஞ்சுடுச்சு. ஆனா வரிச்சு நல்லாத்தான் இருக்கு, அசையல.”

“உரிஞ்ச எடத்துல பழைய துணியா பாத்து ஒட்டு,” என்றார். “கஞ்சி கெட்டியா இருக்கணும்.”